கேட்டவர்களுக்கெல்லாம் வேலை

சேசு மரி சூசை துணை

கெம்பதொட்டி,
தேன்கனிக்கோட்டை தாலுகா,
12-2-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வந்தபோது உங்களுக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் நடந்த வாக்குவாதத்தில் நான் வாயைத் திறக்கவில்லை என்று இரண்டு பேருக்குமே என் மேல் கோபம். உங்கள் கோபம் தீர்ந்ததோ என்னவோ, எனக்குக் காத்திருக்க நேரமில்லை.

பெங்களூர் ஃபாக்டரியில் இருந்து இன்னும் கூப்பிடவில்லை. ஆர்டர் வந்ததும் கடிதம் போடுகிறோம் என்று சொல்லித்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தி அனுப்பினார்கள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு உங்கள் மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டில் போய் நிற்கிறார். வெறுங்கையோடு திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். ராகி இந்த வருஷம் கதிரே வைக்கவில்லை. கொள்ளு மட்டும் கொஞ்சம் வந்தது.

இதைக் கேட்டு நீங்கள் கத்தக்கூடாது. நான் சர்க்காரின் பஞ்ச நிவாரண வேலைக்குப் போகிறேன். எங்கள் ஊரிலிருந்து அஞ்செட்டி ரோட்டுக்குச் சேர்க்கிற மண்ரோடு. விறகுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வேலை கொடுத்தது பெரிய காரியம். இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வந்திருக்காவிட்டால் ஊரில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் ஆளுக்கு இவ்வளவு குழி வெட்டினால்தான் முழுக்கூலி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே எல்லாம் சுக்காம்பாறை. கடப்பாரை போட்டால் தீப்பொறி வருகிறது. நாள் முழுக்க அடித்தாலும் பாதிக் குழி ஆகாது, பாதிக் கூலிதான் கைக்கு வருகிறது. மேஸ்திரி சென்னப்பனைக் கேட்டால், "ஆபீசுல பாறைன்னு எழுதல, மெத்து மண்ணுன்னு எழுதிக்கீறாங்கம்மா, நான் இன்னா பண்றது?" என்கிறார். நீங்கள் அதே ஆபீஸில் ஓவர்சியர். ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதா?

உங்கள் தங்கை,
ஜெயசெல்வி

---

பாரூர் முகாம்,
21-2-1967

அன்புத் தங்கை செல்விக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி சூசைமேரி முகாமுக்குக் கொடுத்தனுப்பினாள். பிரித்தே வைத்திருந்தாள். படித்துவிட்டு அழுதாளாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பத்தாவது வரை படித்தவள் நீ. மண் கூடை சுமக்கவா மைக்கேல்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தோம்? கிருஷ்ணகிரிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று கிறிஸ்துமஸுக்கே சொன்னேன். மாமியார் வீட்டுச் சோறு கூட இல்லை, மச்சான் வீட்டுச் சோறா என்று எழுந்து போனவர் அவர். இப்போது என்ன ஆயிற்று பார்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், புரிந்துகொள். கேட்டவர்களுக்கெல்லாம் வேலை என்பது உத்தரவு. அப்படி எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமென்றால் கூலி குறைவாகத்தான் இருக்க வேண்டும். கூட்டி வைத்தால் வேறு பிழைப்பு இருக்கிறவனும் வந்து நிற்பான், இல்லாதவனுக்கு இடம் இருக்காது. இது யாரோ கல்நெஞ்சுக்காரன் செய்த ஏற்பாடு என்று நினைக்காதே.

நீ இங்கே வந்து பார்க்க வேண்டும். ஏரியிலிருந்து வருகிற வாய்க்கால்களை எல்லாம் தூர் வாருகிறோம். நல்ல வண்டல் மண். காலையில் இறங்கினவர்கள் சாயங்காலத்துக்குள் அளவை முடித்துவிட்டு முழுக்கூலியோடு போகிறார்கள். வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்த பிள்ளைகள் இப்போது கரையில் ஓடி விளையாடுகின்றன. எங்கள் வேலை வீண் என்று எவனாவது சொன்னால் இங்கே அழைத்து வந்து காட்டுவேன்.

உங்கள் பகுதி என் பொறுப்பில் இல்லை. என் தங்கை வேலை செய்கிற இடத்துக்கு நான் மண்ணை மாற்றி எழுதச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? இனி அதைக் கேட்காதே. வேலைக்குப் போவதையும் நிறுத்து.

அண்ணன்,
பிரகாசம்

---

கெம்பதொட்டி,
6-3-1967

அண்ணனுக்கு,

பாரூர் வண்டலைப் பற்றிப் படித்தேன். மாரம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் என் கோஷ்டியில் கடப்பாரை போடுகிறவள். "அந்த மண்ண ரெண்டு லாரி இங்க கொட்டச் சொல்லு உங்கண்ணன, நாங்களும் வாரிக் காட்டறோம்" என்றாள்.

எனக்காகக் கேட்கவில்லை என்பது உங்களுக்கு ஏன் புரியவில்லை? பாப்பம்மாவுக்காகக் கேட்டேன். அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. எத்தனை வயது என்று அவளுக்கே தெரியாது. அளவுக்குக் கூலி என்றால் கோஷ்டிக்குக் கோஷ்டி பலசாலியைத்தானே சேர்ப்பார்கள்? அவளை ஒருவரும் சேர்க்கவில்லை. தினமும் காலையில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். உங்கள் உத்தரவுப்படி அவளுக்கும் வேலை உண்டு. கூப்பிடத்தான் ஆளில்லை. கடைசியில் நானும் மாரம்மாவும் சேர்த்துக்கொண்டோம். எங்கள் கூலி இன்னும் குறைந்தது. மாரம்மாவின் புருஷன் அதற்காக அவளை அடித்தான்.

இன்னொன்று. அவருக்குத் தெரிந்துவிட்டது. விறகு கொண்டுவராமல் விறகுக்குப் போகிறவளை எத்தனை நாள் நம்புவார்? வேலை நடக்கிற இடத்துக்கே வந்து தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, தபால் நேரத்துக்குப் போடுகிற சட்டையைப் போடாமல், பழைய பனியனோடு கிளம்பினார். சென்னப்பனிடம் போய், "உங்க கடப்பாரை ஒண்ணுக்கும் முனையே இல்ல மேஸ்திரி. எனக்கு ஒரு துருத்தியும் கொஞ்சம் கரியும் குடுங்க" என்று கேட்டார். இப்போது புளியமரத்தடியில் அடுப்பு மூட்டி, மழுங்கின கடப்பாரைகளைக் காய்ச்சி அடித்துக் கொடுக்கிறார். ஃபாக்டரியில் பெரிய மெஷினில் கடைசல் பிடித்த கை. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி தூங்குகிறார் அண்ணா.

நிறுத்து என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்த மாட்டேன்.

செல்வி

---

கெம்பதொட்டி,
25-3-1967

அண்ணனுக்கு,

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். நாளைக்கு ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள். மனதில் இதை வைத்துக்கொண்டு பூசைக்குப் போக முடியாது.

புதன்கிழமை ஜீப் வந்தது. எஞ்சினீயர் முதலில் இறங்கினார். பிறகு நீங்கள். எங்கள் பகுதி உங்கள் பொறுப்பில் இல்லை என்றீர்களே, அப்படியும் எங்களுக்காகத்தான் வந்தீர்கள் என்று நினைத்து எனக்கு ஓடி வரத் தோன்றியது. தலையில் கூடை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நன்றாகவே பார்த்தீர்கள். பிறகு குனிந்து குழியை அளந்தீர்கள். கடப்பாரையை வாங்கி நீங்களே நாலு அடி போட்டுப் பார்த்தீர்கள். எங்கள் கோஷ்டியிடம் வந்து, "உன் பேர் என்ன?" என்றீர்கள்.

நான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

"புருஷன் பேர்?"

நான் அவர் பேரைச் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா? கல்யாணப் பந்தலில் நின்றவர் நீங்கள். மாரம்மா சொன்னாள். நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கோஷ்டிக்குப் போனீர்கள். அவர் புளியமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் போனபிறகு பாப்பம்மா என் பக்கத்தில் வந்து, "அந்த ஓவர்சியருக்கு உன் மூக்கு அப்படியே கீதேம்மா" என்றாள். நான் இல்லை என்றேன்.

நான் கூடை சுமப்பது உங்களுக்கு அவ்வளவு அவமானமா?

ஜெயசெல்வி

---

கிருஷ்ணகிரி,
3-4-1967

செல்வி,

உன் கடிதத்தை சூசைமேரி எனக்கு முன்னால் படித்துவிட்டாள். "சேசுவைத் தெரியாதுன்னு இராயப்பர் மறுதலிச்ச கதையை இனிமே பிள்ளைகளுக்கு நீங்க சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பகுதியைப் பார்க்கப் போகிறேன் என்று நானாகத்தான் எஞ்சினீயரைக் கேட்டு வந்தேன். அங்கே கூலி குறைவாகப் போகிறது, ஏன் என்று பார்க்கலாம் என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. நீ என் தங்கை என்று அந்த இடத்தில் தெரிந்திருந்தால் நான் எழுதுகிற எதையும் அவர் நம்பியிருக்க மாட்டார். குழியை நானும் பார்த்தேன், அது பாறைதான். பாறை என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அளவு குறையும், கூலி கூடும். முடியாதவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் கல் பொறுக்குகிற வேலையும் நாள்கூலிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது, யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. அதையும் எழுதியிருக்கிறேன். பாப்பம்மா என்று நீ எழுதியவளுக்கு அது உதவும்.

இது முழு உண்மை என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கூடையோடு உன்னைப் பார்த்த நொடியில் எஞ்சினீயர் என்ன நினைப்பார் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இவள் என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் ஜீப்பில் திரும்பும்போது வந்த யோசனை. வேறு யாருக்கும் இதை எழுத மாட்டேன்.

மைக்கேல்ராஜ் அடித்த கடப்பாரை கையில் நன்றாக நின்றது. சொல்.

பிரகாசம்

---

கெம்பதொட்டி,
23-5-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை. கூலி கூடியது. வாரச் சந்தையில் எங்கள் ஊர்க்காரர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். மாரம்மாவின் புருஷனும் வேலைக்கு வந்துவிட்டான், அடி நின்றது. பாப்பம்மா பானையும் சொம்புமாக கோஷ்டி கோஷ்டியாய்த் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் மழை பெய்தது. நல்ல மழை. எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு நனைந்தோம். அவர் அடுப்பு அணைந்துபோனதற்குச் சிரித்தார், எத்தனையோ நாளுக்குப் பிறகு. நேற்று சென்னப்பன் வந்து கடப்பாரைகளை எண்ணி வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். மழை வந்துவிட்டதால் பஞ்சம் தீர்ந்ததாம். வேலையை மூடச் சொல்லி உத்தரவாம்.

அண்ணா, உங்கள் ஆபீஸில் ராகி தின்கிறவர்கள் யாருமே இல்லையா? இப்போது உழுது, ஆடியில் விதைத்தால் கார்த்திகையில்தான் கதிர். அதுவரைக்கும் மழைத்தண்ணீரையா குடித்துக்கொண்டிருப்பது? விதை ராகியைக்கூடப் பாதி வீட்டில் மாசியிலேயே அரைத்துத் தின்றாகிவிட்டது. சிக்மகளூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஒருத்தன் மழை பெய்த மறுநாளே ஊருக்குள் வந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

பெண்கள் எல்லாம் கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். சென்னப்பன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். "ஏம்மா, எனக்கும் இதோட வேல போச்சி. நான் யாரண்ட போயி உக்கார்றது?" என்கிறார்.

ரோடு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாலம் இல்லாமல் விட்டால் அடுத்த வெள்ளத்தில் போட்ட மண்ணெல்லாம் போய்விடும். மனுஷருக்காக இல்லாவிட்டாலும் மண்ணுக்காகவாவது எழுதுங்கள்.

செல்வி

---

கிருஷ்ணகிரி,
4-6-1967

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதிக் கொடுத்தேன். ஓடைக்குப் பாலம் வேண்டும், இரண்டு பக்கமும் கரை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண் என்று எழுதினேன். அறுவடைவரை கொஞ்சம் கொஞ்சமாகவாவது வேலை இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். எஞ்சினீயர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்லவர்தான். ஆனால் அவர் மேஜையில் இதுபோல் முப்பது ஊர்.

"ஏன் பிரகாசம், இந்த ஊர் மேல உங்களுக்கு இவ்ளோ அக்கறை? உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா அங்க?" என்றார்.

அறையில் ஹெட்கிளார்க் இருந்தார், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். "இருக்காங்க சார். என் கூடப்பிறந்த தங்கச்சி அங்க மண்ணு சுமக்கறா. நீங்க வந்தன்னிக்குப் பேர் கேட்டேனே, அவதான்" என்றேன்.

எஞ்சினீயர் காகிதத்தை மறுபடியும் எடுத்து முதலிலிருந்து படித்தார். பிறகு, "அப்ப இதுல உங்க கையெழுத்து இருக்கக் கூடாது" என்று சொல்லி, தன் பேரிலேயே எழுதி மேலே அனுப்பினார். மேலே போயிருக்கிறது. எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியாது. மழை பெய்த ஜில்லாவுக்கு நிவாரணம் கேட்டால் சென்னையில் சிரிக்கிறார்களாம்.

என்னை உங்கள் பக்கம் இனி அனுப்ப மாட்டார்கள். பாரூர் வாய்க்காலோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆபீஸில் பியூன்கூட இப்போது என்னைப் பார்த்தால், "தங்கச்சி ஊர்ல மழையா சார்?" என்கிறான். முதல் நாள் உடம்பு எரிந்தது. இப்போது, "மழைதான்ப்பா, சோறுதான் இல்ல" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் இருவரும் தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள். எத்தனை நாள் என்று கேட்காதே.

சூசைமேரி ஒரு மூட்டையில் ராகியும் அவரைக்கொட்டையும் கட்டி பஸ்ஸில் போடுகிறாள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் அது விதைக்கு என்று சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
பிரகாசம்

---

கெம்பதொட்டி,
30-7-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. ஆடி பிறந்தபிறகு வந்தது. ஓடைக்குப் பாலமும் கரையும் கட்ட வேலை ஆரம்பித்தாயிற்று. சென்னப்பன் திரும்ப வந்து எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முக்கால்வாசிப் பேருக்கு ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

ஜூன் கடைசியில் காப்பித் தோட்டத்து லாரி வந்தது. அதுவரைக்கும் பொறுத்துப் பார்த்தார்கள். ஓவர்சியர் எழுதியிருக்கிறார், பதில் வரும், இருங்கள் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்கள் கோஷ்டியில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாரம்மா மட்டும் நின்றாள். மற்றவர்கள் லாரி ஏறிவிட்டார்கள். அவர்களோடு பாப்பம்மாவும் ஏறினாள். அவளைப் போய் என்னத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஏனு மாடோதம்மா, இன்னா பண்றது? உங்க ராகியும் தீந்துபோச்சி, நானு உங்களண்ட எவ்ளோ நாளு தின்றது?" என்று கையை விடுவித்துக்கொண்டாள். அண்ணி அனுப்பிய மூட்டையில் பாதியை அவளோடும் மாரம்மாவோடும் பங்கிட்டுத் தின்றோம். மீதியை விதைத்துவிட்டோம். இப்போது கணுக்கால் உயரம் நிற்கிறது.

உத்தரவு வந்ததும் உங்கள் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். யாரும் சொல்லவில்லை. கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு சிக்மகளூருக்குப் பஸ் ஏறினார். ஊரில் வேலை வந்துவிட்டது, வாங்கடா என்று சொல்லி அழைத்துவரத்தான். தோட்டம் தோட்டமாகத் தேடியிருக்கிறார். அட்டைக் கடியில் கால் வீங்கித் திரும்பினார். ஒருத்தரும் வரவில்லை அண்ணா.

முன்பணம் வாங்கியதால் விட மாட்டேன் என்கிறார்களாம், அது ஒரு காரணம். ஆனால் பாப்பம்மா முன்பணம் வாங்கவில்லை, அவளுக்கு யார் கொடுப்பார்கள்? கூலிக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருக்கிறாளாம். இவர் அவளிடம், "வா பாப்பம்மா, மறுபடியும் தண்ணி ஊத்தற வேலை உனக்குத்தான்னு மேஸ்திரி சொல்லிட்டாரு" என்றிருக்கிறார். "எத்தன நாளுக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

அவள் அகப்பையைப் பானையில் விட்டபடியே, "இந்தத் தோட்டத்துக்காரன் கெட்டவன்தான்ப்பா. வைவான், கொறச்சிக் குடுப்பான். ஆனா நாளைக்கும் இருப்பான். உங்க சர்க்காரு நல்லவருதான். எப்ப வருவாரு, எப்ப போவாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றாளாம். பிறகு இவருக்கு ஒரு வட்டில் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

இன்று காலையில் இவர் கரியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டார். நானும் இதை முடித்துவிட்டுப் போக வேண்டும். இருக்கிற கொஞ்சம் பேருக்கு முழுக்கூலி கிடைக்கிறது, குறையில்லை. பாலம் முடிந்தால் அதற்குப்பிறகு என்ன என்று சென்னப்பனை யாரும் கேட்பதில்லை. ஆனால் கல்லை எல்லாரும் கொஞ்சம் மெதுவாகத்தான் தூக்குகிறோம்.

நீங்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. லீவு போட்டுவிட்டு வாருங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வாருங்கள். பாப்பம்மா கேட்டதற்கு உங்களிடம் பதில் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள்.

உங்கள் தங்கை,
செல்வி